மாலை ஆறு மணிப் பதிவு

செவ்வாய்க்கிழமை காலை 8.40. கொட்டாம்பட்டிக்குக் கிழக்கே, கயிறு ஃபேக்டரிக்குப் போகும் மண்பாதையில் பேச்சிமுத்து குப்புற விழுந்து கிடந்தார். வேலைக்குப் போன பெண்கள் புரட்டிப் பார்த்தபோது உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை.

வயது ஐம்பத்தாறு. காயம் எதுவும் இல்லை. சட்டைப்பையில் ரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டை ஒன்று. எல்லாக் குழியும் காலி. அட்டையில் ஒட்டியிருந்த சீட்டில் மார்ச் மாதத் தேதி. நடந்துகொண்டிருந்ததோ ஜூலை.

காலை 11.00. மாதத்தின் முதல் செவ்வாய் என்பதால் அரசு மருத்துவ வண்டி வழக்கம்போல் வந்தது. பேச்சிமுத்து குடியிருந்த காலனியின் ஜனம் அதை மறித்து நின்றது.

பகல் 12.20. மதுரையிலிருந்து தாமரைச்செல்வி வந்து இறங்கினாள். மாவட்டத் தரவு மையத்தின் அதிகாரி. எந்தத் தெருவில் டெங்கு பரவும், எந்த ஊருக்கு ஆம்புலன்ஸ் தாமதமாகப் போகிறது என்று லட்சக்கணக்கான பதிவுகளிலிருந்து சொல்லிவிடுவாள். எண்களில் பொய் இருந்தால் மோப்பம் பிடித்துவிடுவாள் என்று அவளுக்குப் பெயர். அதனால்தான் இந்த விசாரணைக்கு அவளை அனுப்பியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் நல்லகாமன் வேப்பமர நிழலில் காத்திருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார் சார்?"

"மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிருக்கும்ங்குறாரு. மாத்திரைய நிறுத்துனா இப்படி ஆகுமாம். பொண்டாட்டி முருகம்மா, மூணு மாசமா மருந்தே இல்லைங்குது."

தாமரைச்செல்வி கைப்பேசியில் பதிவைத் திறந்தாள். ஏப்ரல், மே, ஜூன். மூன்று மாதமும் பேச்சிமுத்து வண்டிக்கு வந்ததாகவே இருந்தது. ரத்த அழுத்தம் 138க்கு 86. மூன்று மாதமும் அதே எண். பதிவான நேரம், மூன்று முறையும் மாலை ஆறு மணி.

"சார், யாருக்கும் அச்சு அசலா ஒரே அழுத்தம் மூணு மாசம் இருக்காது. வேலை முடிஞ்ச பிறகு உட்காந்து எழுதியிருக்காங்க. நர்ஸ் யாரு?"

ராமக்காள் முன்னால் வந்தாள். ஐம்பதை நெருங்கிய பெண். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏப்ரல்ல பேச்சிமுத்து வந்தாரா?"

"வரல மேடம்."

"மே?"

"வரல."

"ஜூன்?"

"வரல. முன்னாடி வண்டி எட்டு மணிக்கு வரும். ஏப்ரல்ல இருந்து பதினொண்ணுக்குன்னு மாத்திட்டாக. அந்நேரம் அவரு ஃபேக்டரிக்குள்ள இருப்பாரு. ஆளு வந்து அழுத்தம் பாத்தாத்தான் மாத்திரை. அதான் கட்டத்தக் காலியா விட்டேன்."

"காலியா இல்லையே. 138க்கு 86ன்னு இருக்கு."

"நான் போடல மேடம். ரெண்டு மாசம் வரலன்னா பேரு செவப்பாகும், வீட்டுக்கு ஆளு போகும்னு பயிற்சியில நீங்கதான சொன்னீக? அத நம்பித்தான் இருந்தேன்."

"மாத்திரை?"

"கிடங்குல திருப்பிக் குடுத்துட்டேன்."

காலனியே சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தது. தாமரைச்செல்வி குரலைத் தாழ்த்தவில்லை.

"உங்க பேர்ல இருக்கிற பதிவு இது. கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா. மனுசங்களுக்குத்தான் தெரியும்."

கூட்டத்தில் ஒரு பெண் மண்ணை வாரி ராமக்காள் காலடியில் வீசினாள். "உன்னைய எங்க வீட்டுப் பொம்பளையா நெனச்சோமேடி!" ராமக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

பிற்பகல் 3.10. அவள் பதிவு செய்யும் கருவியை நல்லகாமன் நிலையத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ராமக்காளை இரவு எட்டு மணிவரை நிலையத்தில் உட்கார வைத்து, மறுநாள் வரச்சொல்லி அனுப்பினார்.

புதன்கிழமை காலை 9.30. மதுரை அலுவலகத்தில் தாமரைச்செல்வி அறிக்கை எழுத உட்கார்ந்தாள். சான்றாக இணைக்கப் பேச்சிமுத்துவின் பதிவை மறுபடி திறந்தாள்.

மூன்று வரி இருந்த இடத்தில் நான்கு வரி இருந்தது.

ஜூலை. நேற்றைய தேதி. வந்தார். 138க்கு 86. மாலை ஆறு மணி.

நேற்று மாலை ஆறு மணிக்குப் பேச்சிமுத்து பிணவறையில் இருந்தார். கருவி அலமாரிக்குள் இருந்தது. ராமக்காள் போலீஸ் நிலையத்து பெஞ்சில் இருந்தாள்.

நேரத்தை நொடியோடு விரித்துப் பார்த்தாள். 6:00:00. அதே காலனியில் இன்னும் பதினேழு பேருக்கும் 6:00:00. எந்த மனிதக் கையாலும் ஒரே நொடியில் பதினெட்டு வரி எழுத முடியாது. மனிதர்கள் எழுதியதை இயந்திரம் சேமித்தது என்றுதான் நேற்று நினைத்தாள். இது இயந்திரமே எழுதியது.

எழுதச் சொன்னது யார்? மென்பொருளில் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியும் பெயரும் இருக்கும். தேடினாள். மார்ச் 28. மாற்றம்: காலியான கட்டங்களை முந்தைய அளவால் நிரப்புக. தினமும் மாலை ஆறு மணிக்கு.

செய்தவர்: தாமரைச்செல்வி.

அவளுக்கு நினைவு வந்தது. அடுத்த மாதம் எவ்வளவு மருந்து தேவைப்படும் என்று கணிக்கக் காலிக் கட்டங்கள் இடைஞ்சலாக இருந்தன. நிரப்பிவிட்டாள். கணிப்பு அழகாக வந்தது. வண்டியின் வழித்தடத்தையும் நேரத்தையும் மாற்றி இருபத்திரண்டு ஊர்களைக் கூடுதலாகச் சேர்த்ததும் அந்த வாரம்தான். வராதவர்களைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள் ஏப்ரலில் வரைபடத்திலிருந்து ஒட்டுமொத்தமாகக் காணாமல் போயின. ஆய்வுக் கூட்டத்தில் கைதட்டினார்கள். அத்தனை பேரும் ஒரே மாதத்தில் எப்படி வந்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. கைதட்டலைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

நல்லகாமனை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இத எந்தப் பிரிவுல எழுதுறதுன்னு எனக்குத் தெரியல மேடம்," என்றார்.

பகல் 12.45. நிலைய வாசலில் ராமக்காளிடம் போய் நின்றாள். "அக்கா, நேத்து உங்களை நான்..."

"இங்க வேணாம்," என்றாள் ராமக்காள். "நேத்து எம்புட்டுப் பேரு முன்னாடி கேட்டீகளோ, அம்புட்டுப் பேரு முன்னாடி சொல்லுங்க."

இருவரும் காலனிக்குப் போனபோது, பேச்சிமுத்துவை அடக்கம் செய்துவிட்டு ஆட்கள் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். தாமரைச்செல்வி வேப்பமரத்தடியில் நின்றாள்.

"ராமக்கா எந்தத் தப்பும் பண்ணல. அவங்க காலியா விட்ட கட்டத்த கம்ப்யூட்டர் நிரப்புச்சு. அப்படி நிரப்பச் சொன்னது நான். அதனால வராதவங்க எல்லாரும் வந்த மாதிரி ஆயிட்டாங்க. செவப்பே வரல. வீட்டுக்கு யாரும் வரல. வண்டி நேரத்த மாத்துனதும் நான்தான். நேத்து உங்க முன்னாடி இவங்களப் பொய் சொல்றாங்கன்னு சொன்னேன். பொய் என்னோடது."

மண் வீசிய பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

முருகம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து கேட்டாள்.

"அவரு வரலன்னா, வரலன்னே இருந்திருந்தாப் போதுமா தாயி? யாராச்சும் தேடி வந்திருப்பாகளா?"

"வந்திருப்பாங்கம்மா. மே மாசக் கடைசியிலேயே வந்திருப்பாங்க."

முருகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாவட்டம் முழுவதும் அப்படி நிரப்பப்பட்டவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர். காலையிலேயே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாள், தன் பெயரோடு. இந்தக் காலனியின் பட்டியல் அவள் கையில் இருந்தது. ராமக்காள் அதை வாங்கிப் பார்த்தாள்.

"பாண்டிமீனா இந்தா நிக்குதே. வா தாயி, கைய நீட்டு."

மண் வீசிய அதே பெண்தான். தயங்கித் தயங்கி வந்து கையை நீட்டினாள். ராமக்காள் தன் பையிலிருந்து அழுத்தம் பார்க்கும் பட்டையை எடுத்துச் சுற்றிக் காற்றடித்தாள். முள் ஏறி, மெல்ல இறங்கியது. ராமக்காள் மறுபடி ஒரு முறை அடித்துப் பார்த்தாள்.

"உங்க கம்ப்யூட்டர்ல என்ன இருக்கு மேடம்?"

"130க்கு 80."

"எழுதிக்கங்க," என்றாள் ராமக்காள். "190க்கு 110."