தவிட்டுக்கு மீளாத பிள்ளை

செமிலிங் பக்கத்துப் பழைய தோட்டத்துக்குள் கார் நுழைந்தபோது பட்டப்பகல். செம்பனை மரங்களுக்கு நடுவே வெயில் புழுங்கியது. தேவகியின் மடியில் தவிட்டு மூட்டை. காரை ஓட்டியவன் அவளுடைய ஒரே மகன் காளிதாசன். அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம்.

கைக்குழந்தையாய் இருந்தபோது வலிப்பு வந்து, பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் கைவிட்ட பிள்ளை. தேவகி அவனை இங்கிருந்த தொப்பிச்சாமிக்குத் தத்துக் கொடுத்தாள். பிழைத்துக்கொண்டான். அப்படிக் கொடுத்த பிள்ளையைத் தாலி கட்டுவதற்குள் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை சாமிக்குத்தான். இந்தப் புண்ணியவதியோ இன்றைக்கு நாளைக்கு என்று இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

இடிந்த துரை பங்களாவுக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்குள் சாமி இருந்தது. மார்பளவு வெண்கலச் சிலை, தலையில் அகலத் தொப்பி. அக்கம்பக்கத்துக் குட்டிச் சாமிகளையெல்லாம் ஓரங்கட்டி, திகாம் பத்து ஊர் வரைக்கும் சனத்தை இழுத்து, சுருட்டும் பிராந்தியும் வாங்கிய சாமி. தோட்டம் கைமாறி ஆட்கள் போனதும் அதன் ஆட்டமும் அடங்கிப்போனது. மிச்சம் கரையானும் கிழட்டுப் பூசாரி அய்யாவுவும்தான்.

காளிதாசன் வாய்விட்டுச் சிரித்தான்.

"அம்மா, இது சாமி இல்லலா! நெப்போலியன். பிரெஞ்சுக்காரத் துரை மேசையில வச்சிருந்திருப்பான். அவன் போனதும் நம்மாளுங்க தூக்கியாந்து பூசை போட்டுட்டாங்க."

"வாய மூடுடா!"

எங்கே மூடுவான்? வாய்க்கொழுப்பு.

"கிரீடத்தத் தானே எடுத்துத் தலையில வச்சுக்கிட்டவன்மா. பாதி ஐரோப்பாவப் பிடிச்சான். அப்புறம் லட்சக்கணக்குல பிள்ளைங்கள ரஷ்யாவுக்கு இழுத்துட்டுப் போயி, பனியில சாக விட்டுட்டுத் தான் மட்டும் ஓடியாந்துட்டான். கடைசியில ஒரு தீவுல அடைபட்டுச் செத்தான்." சிலையின் கன்னத்தில் தட்டினான். "தோத்தாங்கோளிப் பய."

"தம்பி, கைய எடுங்க," அய்யாவு முணுமுணுத்தார்.

காளிதாசன் விரலை உதறினான். "என்னா இது, ஐஸ் மாதிரி இருக்கு!"

தேவகி தவிட்டைக் கொட்டிக் கும்பிட்டாள். "எம்புள்ளைய எனக்குக் குடு சாமி."

சாமி சார்பில் பூசாரி மூன்று தடவை 'கொடுத்தேன்' என்று சொல்ல வேண்டும்.

"கொடுத்தேன்."

"கொடுத்தேன்."

மூன்றாவது தடவை அய்யாவுவின் வாய் திறந்தது. குரல் வரவில்லை.

அந்தப் புழுக்கத்தில், அவர் வாயிலிருந்து வெள்ளை ஆவி கிளம்பியது.

எங்கோ ஒரு குதிரை கனைத்தது.

"மூணாவது சொல்லலையே, ஐயா?"

"சொல்லிட்டேன் தாயி. கிளம்புங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நம்ப ஆசைப்பட்டதால் தேவகி நம்பினாள்.

பாதி வழியில் காளிதாசன் நடுங்கினான். "அம்மா, ஏர்கோன நிறுத்தேன். காலு மரத்துப் போச்சு."

காரில் ஏர்கோன் ஓடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் காலணியைக் கழற்றியபோது விரல்கள் கருத்துக் கிடந்தன. டாக்டர் ஷாமளா திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாள். "இது பனியில உறைஞ்ச காலும்மா. எந்த நாட்டுக்குப் போயிருந்தாரு?"

"செமிலிங்குக்கு," என்றாள் தேவகி.

பத்து விரல்களையும் எடுத்தார்கள்.

கல்யாண நாள் விடிந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு நனைந்து சில்லிட்டிருந்தது.

தேவகி கொட்டகைக்கு ஓடினாள். கொட்டிய தவிட்டில் ஒரு பொட்டு மிச்சமில்லை, நக்கித் துடைத்திருந்தது. சுற்றிலும் குளம்புத் தடங்கள். ஈர மண்ணில் வரிசை வரிசையாகப் பூட்ஸ் தடங்கள், எல்லாம் செம்பனைகளுக்குள் போயின. கடைசி வரிசையில் ஒரு சோடி வெறுங்கால்.

விரல்கள் இல்லாத கால்.

"விலைய வாங்கிக்கிட்டு எம்புள்ளையையும் வச்சுக்கிட்டியேடா, பாவி!" மண்ணை வாரி இறைத்தாள்.

மரங்களுக்குள்ளிருந்து பதில் வந்தது. "அம்மா... குளுருதும்மா."

பெற்ற வயிறு, சும்மா இருக்குமா? வீட்டுக்கு ஓடி ஒரு கம்பளியை எடுத்துவந்து அந்தக் கடைசித் தடத்தின் மேல் விரித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் தடத்தின் மேல் கம்பளி இல்லை. மகனுக்குக் கிடைத்துவிட்டது என்று அவள் நெஞ்சு குளிர்ந்தது, கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கும்வரை.

கம்பளி சிலையின் தோளில் இருந்தது, கழுத்துவரை இழுத்துப் போர்த்தியபடி.

வெளியே, நேற்றைவிடத் தூரத்தில், அதே குரல்.

"குளுருதும்மா."