ஆணியில் மாட்டிய டோக்கன்

கண்ணை மூடி வெகுநேரமாகியும் அந்தப் புள்ளி மறையவில்லை.

மறையும் என்றுதான் கைப்பேசியில் யோகா சொல்லித்தரும் பெண் சொல்லியிருந்தாள். கண்ணுக்கு நேரே சின்னதாக ஒன்றை வைத்து இமைக்காமல் பார்க்க வேண்டும். கண்ணை மூடினால் அதன் ஒளி உள்ளே தெரியும், கொஞ்சத்தில் கரைந்துவிடும், மனம் ஒருமுகப்படும். இந்துவுக்கு இப்போது அதுதான் வேண்டியிருந்தது. விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் போய்வரும் அலைச்சலில் மனம் கண்டபடி ஓடி, ஆபீசில் தப்புமேல் தப்பு; இன்னொன்று வந்தால் வேலை காலி என்று சொல்லிவிட்டார்கள். பரணில் கிடந்த பித்தளை வில்லையைத் துலக்கிச் சுவர் ஆணியில் மாட்டியது அதற்காகத்தான். மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பாலகாட் லைன் வீட்டில் வேறென்ன பளபளக்கும்? தங்கம்தான் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டதே.

மறுநாள் மாலை புள்ளி அசைந்தது. நடக்கிறவன் தலையில் கட்டிய விளக்கு போல மேலும் கீழுமாக, நிதானமாக, எங்கோ ஆழத்தில் நீர் சொட்டும் ஓசையையும் ஊறிப்போன மரத்தின் வாடையையும் கூட்டிக்கொண்டு அது கிட்டே வந்தது. இந்து பதறிக் கண்ணைத் திறந்தாள். மாமியார் ரத்தினம்மா அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, ஆணியில மாட்டிகீறனே, அது இன்னாது?"

ரத்தினம்மா எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த துடுப்பு நழுவியது.

"அய்யோ, இன்னாடி பண்ட்டே! எங் கொழுந்தனாரு டோக்கன்டி அது. சொரங்கத்துல எறங்கசொல்ல டோக்கன குடுத்துட்டுப் போவாங்க; ஷிப்ட் முடிஞ்சி ஆளு மேல வந்தாத்தான் அது ஆணிக்கு ஏறும். அவரு ஷாப்ட்டுக்குள்ள போனவரு, வரவேயில்ல. பொணங்கூட கெடைக்கல."

"மாட்டினா இன்னா ஆவும்?"

"வந்துட்டாருன்னு அர்த்தம்."

ரத்தினம்மா அதைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்பாடா என்றிருந்தது இந்துவுக்கு. இமைத்தாள்.

அந்த இமைப்பிலும் விளக்கு இருந்தது. இன்னும் கிட்டே.

அதன்பின் கண்ணை மூட அவளுக்குத் துணிவில்லை. தூங்கிவிடக்கூடாதென்று தண்ணீரை அடித்து அடித்துக் கண் சிவந்தது. ஒவ்வொரு இமைப்புக்கும் விளக்கு ஓர் எட்டு முன்னால் வந்தது. தொப்பி தெரிந்தது. சேறு அப்பிய தாடை. திறந்த வாய்.

காலையில் ரயிலுக்குப் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து விரல்களால் இமைகளைத் தூக்கிப் பிடித்திருந்தாள். புருஷன் வாசு பின்னால் வந்து உட்கார்ந்தான். அவள் மேல் உயிரையே வைத்திருப்பவன்.

"இன்னா இந்து, ராத்திரியெல்லாம் முழிச்சினே கீறே? கொஞ்சம் தூங்கும்மா."

கனிவாக அவள் கைகளை விலக்கி, தன் உள்ளங்கையால் கண்களைப் பொத்தினான்.

"வாணாங்க..."

இருட்டு. நீர் சொட்டியது. முகத்துக்கு நேரே விளக்கு நின்றது.

வாசுவின் கைக்கு அடியில், உள்ளேயிருந்து, ஈர விரல்கள் அவள் இமைகளைப் பிடித்து மெல்லத் திறந்தன.