குவைத்தில் நலம்

பொகவந்தலாவை பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்தின் மேற்கணக்கு லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறும்போது பகல் மூன்று மணிதான். ஆனாலும் பனிமூட்டம் தேயிலையை மூடிவிட்டது. எதிரே நிற்பது ஆளா மரமா என்று தெரியவில்லை. சுதாகரன் இளைஞர் மன்றத் தலைவன். பேஸ்புக்கில் ஊர் முழுவதற்கும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் பெரிய மனிதன். மன்றக் கூட்டத்தையே போட்டுவிட்டு அவனை ஓடிவர வைத்தது அம்மாவின் போன்.

"வடிவு வந்திருக்காடா."

வடிவு அவன் தங்கை. ஊரைப் பொறுத்தவரை அவள் இன்னமும் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். அவளுடைய பேஸ்புக் பக்கத்தில் வாரந்தோறும் ஒரு ரோஜாப்பூவும் 'நலமாக இருக்கிறேன்' என்ற வரியும் போடுவது சுதாகரன்தான். வேலைக்குப் போன வீட்டில் சீரழிக்கப்பட்டு, ஏழு மாத வயிற்றோடு இருட்டில் வந்து இறங்கியவள் அவள். நான்காம் நாள் உதிரம் பெருகியது. "ஆஸ்பத்திரியில தெரிஞ்ச நர்ஸ் இருக்கு" என்று வழியை மறித்தவனும் அவனே. விடிவதற்குள் அவளை வயிற்றுப் பிள்ளையோடு தேயிலை மலையில் புதைத்தார்கள். சாவுமேளமான தப்புகூட அடிக்கவில்லை.

கதவைத் திறந்ததும் ஈரமண் வாடை முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் இரத்த வாடை.

தாய் அம்மாக்கண்ணு மூலையில் ஒடுங்கிக் கிடந்தாள். "தப்பு அடிச்சு, சனம் கூடி அழுதாத்தானேடா செத்தவளுக்குத் தான் செத்தது தெரியும்? அவளுக்கு யாரும் சொல்லல. வலிக்குதும்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு கெஞ்சிக்கிட்டே இருக்கா. ஒன் கால்ல விழறேன். நடந்தத நடந்தபடி ஊருக்குச் சொல்லிருடா."

"மெதுவாப் பேசும்மா. பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் கேக்கும். என் பேரு என்னாகுறது?"

"ஒன் பேரா? அதுக்கு ஒரு மாலைய வாங்கிப் போட்டுக்க."

அடுப்படியில் யாரோ முனகினார்கள்.

அங்கே யாருமில்லை.

முனகல் தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது.

அவன் கணுக்காலை ஒரு குளிர்ந்த கை பற்றியது.

"அண்ணே... கூட்டிக்கிட்டுப் போண்ணே..."

போனை எடுத்தான். 'என் தங்கை இங்கே, இதே லயத்தில்' என்று அடித்தான். அழித்தான். உயிர் போகிற பயத்திலும் எழுத்து நடை மட்டும் பிசகவில்லை: 'கண்ணீர் அஞ்சலி. எமது மன்றத் தலைவரின் அன்புச் சகோதரி குவைத்தில் மாரடைப்பால் இறைவனடி சேர்ந்தார்.' மேல் மூலையில் தன் படத்தையும் சேர்த்துப் பேஸ்புக்கில் போட்டான்.

பிடி விட்டது. முனகல் நின்றது.

"பாத்தியா, போயிட்டா."

அம்மா திறந்து கிடந்த கதவையே பார்த்தாள்.

போன் அதிர்ந்தது. லயத்தின் கோடி வீட்டு ஜீவராணி எழுதியிருந்தாள்:

"குவைத்திலயா? என்னண்ணே சொல்றீங்க? வடிவக்கா இப்ப எங்க வாசல்ல நிக்கிது. புள்ளையச் சுத்த ஒரு துணி கேக்குது."