சுவரில் வந்த மாமியார்

விடிந்தும் விடியாததுமாக வெந்நீர் அடுப்பிலிருந்து காகிதம் தீயும் வாடை வந்தது. மருமகள் ஓடிப்போய்ப் பார்த்தாள். மாமியார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மருமகள் படம் வரைந்த நோட்டுகளைக் கிழித்துக் கிழித்து அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தாள். பதினாலு வருஷத்துப் படங்கள்!

"ஐயோ, அத்தை... என்ன பண்றீங்க?"

"மத்தியானம் என் பொண்ணு குடும்பத்தோட வர்றா. பீரோ பூரா உன் குப்பைதான்!"

பல் துலக்கிக்கொண்டே வந்தான் கணவன். "விடேன். இத்தனை வருஷம் கிறுக்கினியே, என்ன வருமானம் வந்துச்சு?"

"மூச்சு விடுறதால என்ன வருமானம் வருது?"

மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று, வந்து சமைத்து, பாத்திரம் கழுவிய பிறகு கிடைக்கிற அரை மணி நேரம். அதில்தான் அவள் அவளாக இருந்தாள். அதையும் கொளுத்தியாயிற்று!

அவள் அழவில்லை. அடுப்பு ஆறியதும் கரித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு முன்னறைக்குள் போய்த் தாழ் போட்டாள். 'வர்றவங்க பார்க்கட்டும்... நல்லா பார்க்கட்டும்!'

நாத்தனார் குடும்பம் வந்த பிறகுதான் கதவைத் திறந்தாள். வெள்ளைச் சுவரில் ஆளுயரத்துக்கு மாமியார்; அடுப்பு முன்னால் உட்கார்ந்து நோட்டைக் கிழிக்கிறாள்.

"அச்சு அசல் அத்தைதான்!" என்று மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். மாமியார் முகம் செத்துப்போனது. அதைக் கண்கொட்டாமல் பார்த்து நின்றாள் மருமகள்.

"மானத்தை வாங்கிட்டியேடி!" கணவன் ஈரத்துணியோடு பாய்ந்தான்.

"தொடாதேடா!"

கத்தியது மாமியார். மெல்லச் சுவரருகே போய், படத்திலிருந்த தன் வளைந்த சுண்டுவிரலைத் தடவினாள்.

"இது ஒடிஞ்சு கோணிப்போனது உனக்குத் தெரியுமாடா? உங்கப்பாவுக்கே தெரியாது... இவ பார்த்திருக்கா."

"உங்களை அவமானப்படுத்தத்தான் வரைஞ்சேன், அத்தை."

"தெரியுது. கோவத்துலயாவது ஒருத்தி என்னைப் பார்த்தாளே! ஏம்மா... எரிச்ச நோட்டுல நான் இருந்தேனா?"

"பக்கத்துக்குப் பக்கம் நீங்கதான் இருந்தீங்க."

"ஐயோ... என்னையே நான் கொளுத்திட்டேனேடி!" மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

மன்னித்துவிட்டேன் என்று மருமகள் சொல்லவில்லை. சொல்ல மனசும் வரவில்லை. ஆனாலும் கரி படிந்த கைகளால் கிழவியை இறுக்கிக்கொண்டு, காலையில் அழாததையும் சேர்த்து அழுதாள்.