இரைப்பையில் வெள்ளைப் புள்ளிகள்

காலை எட்டரை மணி. செம்பூரில் ஒரு மருத்துவமனையின் புரோட்டான் சிகிச்சைப் பிரிவு. அன்றைய ஸ்கேன் திரையில் வந்ததும், கதிரைச் செலுத்த வேண்டாம் என்றாள் ஸ்ரீதேவி.

உள்ளே படுத்திருந்தவர் அய்யாத்துரை. தாராவியில் மளிகைக்கடை வைத்திருப்பவர். கணையத்தில் புற்றுநோய்க் கட்டி. வயிறும் குடலும் நேற்று இருந்தபடி இன்று இருப்பதில்லை. அதனால் தினமும் முதலில் படம் எடுத்து, கதிர் எவ்வளவு ஆழம் போய் நிற்க வேண்டும் என்று அன்றன்று திருத்துவார்கள். அந்தக் கணக்கு ஸ்ரீதேவியின் பொறுப்பு. நோயாளி வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது கண்டிப்பான விதி.

வெறுமையாக இருக்க வேண்டிய இரைப்பையில் வெள்ளைப் புள்ளிகள். எலும்பைவிட வெளுப்பு. ஏதோ உலோகம். கதிர் அதில் பட்டால் கட்டியை எட்டாமலே நின்றுவிடும்.

பழைய படங்களைப் பார்த்தாள். முதல் வாரம் சுத்தம். அப்புறம் குடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். சத்து மாத்திரையின் மிச்சம் என்று விட்டிருந்தார்கள். அய்யாத்துரையின் வாந்தியையும் வயிற்றுவலியையும் சிகிச்சையின் மேல் போட்டிருந்தார்கள்.

வெளியே வந்தவரிடம் என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தாள். நெற்றி நிறைய விபூதி. உதட்டோரத்திலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"ராத்திரி எட்டு மணிக்குக் கஞ்சி குடிச்சதுதாம்மா. அதுக்குப் பொறவு பச்சத்தண்ணி படல."

மாலையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உடம்பில் ஈயம்.

அய்யாத்துரையோடு தினமும் வருபவர் அவர் தம்பி சுடலைக்கண்ணன். அவர் டாக்டரின் அருகில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வீட்ல ஆக்கிப் போடுதது அண்ணன் மருமவ பிரபாவதி ஒருத்திதான் சார். வேற யாரச் சொல்ல?"

பிரபாவதியின் கணவன் நகுல் துபாயில் இருந்தான். மாமனாரை அவள்தான் கவனித்துக்கொண்டாள். அன்று இரவே சுடலைக்கண்ணன் அவளை முலுண்டில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினார். அய்யாத்துரை சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், போலீசுக்குச் சொல்லிவிடலாம் என்றார். காலைவரை பொறுக்கும்படி ஸ்ரீதேவி கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஸ்கேனில் இரைப்பை சுத்தமாக இருந்தது. குடலின் அடியில் பழைய புள்ளிகள் மட்டும். அவை கதிரின் பாதையில் இல்லை. சிகிச்சை நடந்தது.

"பாத்தியளா மேடம்? அவ போன மறுநாளே சுத்தமாயிட்டு," என்றார் சுடலைக்கண்ணன்.

டாக்டர் போனை எடுத்தார். ஸ்ரீதேவி அய்யாத்துரையிடம் திரும்பினாள்.

"ஐயா, இன்னிக்கு விபூதி வாயில போட்டுக்கலையா?"

"இல்லம்மா. தம்பிதான் டாக்சியில தினமும் நெத்தியில பூசி, நாக்குலயும் ஒரு சிட்டிகை போடுவான். நேத்து கொஞ்சம் கூடவே போட்டான். இன்னைக்கு நெத்தியோட விட்டுட்டான்."

ஸ்ரீதேவி டாக்டரிடம் பேசினாள். இரவு எட்டு மணிக் கஞ்சி காலைவரை இரைப்பையில் தங்காது. நேற்றுப் பார்த்த புள்ளிகள் காலையில்தான் உள்ளே போயிருக்க வேண்டும். காலையில் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்றதும் பொய்யில்லை. விபூதியை யாரும் சாப்பாடாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரபாவதி போனதால் இரைப்பை சுத்தமாகவில்லை. ஈயம் என்று கேள்விப்பட்ட ஒருவர் இன்று நிறுத்திக்கொண்டதால் சுத்தமானது.

"அந்த விபூதிப் பொட்டலத்தக் குடுங்கோ சார்," என்றாள் சுடலைக்கண்ணனிடம்.

அவர் எடுத்து நீட்டினார். விபூதியோடு கலந்த செம்பழுப்புப் பொடி. தாராவி லேபர் கேம்ப்பில் வைத்தியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் கொடுத்தது. கட்டியைக் கரைத்துவிடும் என்றானாம். அண்ணன் நாட்டு மருந்தைத் தொடமாட்டார், இந்த மெஷினை நம்ப இவருக்கு மனசு வரவில்லை. அதனால் கலந்து கொடுத்தாராம்.

"அண்ணன் பொழைக்கணும்னுதான் குடுத்தேன். விசம்னு தெரியாது."

"நேத்து சாயங்காலம் தெரிஞ்சுடுத்தே. அதுக்கப்புறமும் அவளை அனுப்பினேளே, ஏன்?"

டாக்டர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பொடி விற்றவனைப் பற்றிப் போலீசிடம் பேசப் போனார். அய்யாத்துரை தம்பியை ஏறெடுத்தும் பார்க்காமல் மருமகளுக்குப் போன் செய்யச் சொன்னார்.

மதியம் பிரபாவதி வந்தாள். சுடலைக்கண்ணன் எழுந்து நின்றார். அவள் அவரைத் தாண்டிப் போய் மாமனாரின் முன்னால் நின்றாள்.

"அவங்க சொன்னது கூடப் பரவால்ல மாமா. நீங்களும் ஒரு வார்த்த பேசலியே."

அய்யாத்துரைக்குக் கண் கலங்கியது. "தப்புதாம்மா. வீட்டுக்கு வா."

"நாளையிலேருந்து ஆஸ்பத்திரிக்கு நான் கூட வாரேன். உங்க ட்ரீட்மென்ட் முடியுற வரைக்கும் வருவேன். வீட்டப் பத்தி இப்பக் கேக்காதீங்க."