ஓகே மட்டும்தான் இருந்தது

கடையிலிருந்து திரும்பி வந்த போன் சூடாக இருந்தது. அணைத்து வைத்த போன் எதற்குச் சுட வேண்டும் என்று ஜுனைதாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

புருசனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் அவள் இருந்தாள். புருசன் ஹாஜா முகைதீன் ஜித்தாவில் மவுத்தாகி, அங்கேயே அடக்கமாகி இரண்டு மாதம். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கடைசியாகக் கீழக்கரைக்கு வந்திருந்தபோது அவர் இந்தப் போனில் பேசிப் பதிந்துவிட்டுப் போன பதினோரு பேச்சுகள்தான் மிச்சம். ஒவ்வொன்றும் ஓர் இருமலோடு தொடங்கும். பிறகுதான், "சாப்ட்டியா புள்ள?"

போனில் சார்ஜ் ஏறவில்லை. அவள் வாசல் தாண்டக் கூடாது என்பதால் தம்பி ஹமீது சுல்தான் அதைக் கடைக்குக் கொண்டு போனான். கடைக்காரன் யாரையும் கேட்காமல் புது சாப்ட்வேரையும் ஏற்றிவிட்டான். போன் திரும்பி வந்ததும் முதல் பேச்சைத் திறந்தாள். பழைய கோப்பு, இனித் திறக்காது என்று இங்கிலீஷில் வந்தது. கீழே ஓகே என்று ஒரே பொத்தான். பதினொன்றுக்கும் அதே பதில்.

"யாரக் கேட்டுடா கை வச்சான்?"

"வேகமா இருக்கும்னான் ராத்தா. பழையபடி மாத்த முடியாதாம்."

என் போன், என் புருசன், இதில் ஓகே சொல்ல அந்தக் கடைக்காரன் யார்? தம்பியைத் திட்டி அனுப்பிவிட்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

உம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. சாம்பிராணி வாசனையோடு ஒயர் கருகுகிற வாடையும் கலந்து வர, எங்கே என்று தேடிய ஜுனைதா, கட்டிலில் கிடந்த போன் தானாக ஒளிர்வதைக் கண்டாள். ஆத்திரத்தில் மூடியைப் பிய்த்து பேட்டரியைக் கழற்றி எறிந்தாள்.

வெளிச்சம் அணையவில்லை.

"சாப்ட்டியா புள்ள?"

அவர் குரலேதான். ஆனால் இருமல் இல்லை.

"பழசு இனி வராது புள்ள. நான் வந்துட்டேன். கதவத் தொற."

குரல் போனிலிருந்து வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"மாட்டேன்," என்றாள் ஜுனைதா. பயத்தைவிடக் கோபம்தான் அதில் இருந்தது. "நீ அவுக இல்ல."

திரையில் இங்கிலீஷில் ஒரு வரி. உள்ளே வரலாமா?

கீழே ஓகே. வேறொன்றும் இல்லை.

அவள் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பொத்தான் தானாக அமுங்கியது.

தாழ் மெல்ல நகர்ந்தது.