நெவிலுக்குப் போன விளம்பரங்கள்

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு கோரலி அலுவலகக் கதவைத் திறந்தபோது உள்ளே சேற்று வாடை அடித்தது. ஆஸ்திரேலியாவின் வடகோடியில், டார்வினில் நவம்பர் மாதம் எந்தக் கட்டடத்தில்தான் வாடை இல்லை என்று நினைத்துக்கொண்டு விளக்கைப் போட்டாள். வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. மழை ஒரு வாரமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பழைய கப்பல் கம்பெனிக் கட்டடம் அது. மரத்தரை, உயரமான கூரை, காற்றில்லாமலே முனகும் ஜன்னல்கள். வேலை நாட்களில் முப்பது பேர் போடும் சத்தத்தில் அதெல்லாம் காதில் விழாது. இன்று ஒன்று விடாமல் விழுந்தது.

அவள் வேலையைச் சொல்வது சுலபம். ஆன்லைனில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டச் சொல்லும் விளம்பரம் நூறு பேருக்குப் போனால் எத்தனை பேர் கட்டுகிறார்கள், அந்த எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பாவ புண்ணியம் பார்க்கிற வேலையா அது? இரண்டு விதமாக எழுதி இரண்டு கூட்டத்துக்கு அனுப்புவாள். ஜெயித்தது எதுவோ அதுவே எல்லாருக்கும் போகும். மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர்களுக்கு எதுவுமே அனுப்பாமல் சும்மா விட்டுவைப்பார்கள்.

அந்தச் சும்மா கூட்டத்தில்தான் தன் தம்பி டெஸ்ஸின் கைபேசி எண்ணை அவள் ஒளித்துவைத்திருந்தாள். சூதில் வீட்டையும் பெண்டாட்டியையும் தொலைத்தவன் அவன். இருபது மாதமாகக் கைவைக்கவில்லை. ஆனால் கணக்கை மூடச் சொன்னால் மட்டும், என்மேல் நம்பிக்கை இல்லையா என்று சண்டைக்கு வருவான். இன்னொரு தடவை விழுந்தால் அவன் எழுந்திருக்க மாட்டான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

எந்த விளம்பரமானாலும் வெளியே போகும் முன் ஓர் எண்ணுக்குப் போகும், சரியாகப் போகிறதா என்று பார்க்க. அந்த எண் நெவிலுடையது. நெவில் இறால் படகில் சமையல்காரன். இவர்களிடம் கட்டிக் கட்டி எல்லாம் தீர்ந்ததும், மார்ச் மாதம் ஒருநாள் அலையாத்திக் காட்டுச் சேற்றில் இறங்கி நடந்தான், நடந்தவன் திரும்பவில்லை. கணக்கை மூடும்படி அவன் தங்கை எழுதியிருந்தாள். கோரலி மூடவில்லை. சோதனை எண்ணாக வைத்துக்கொண்டாள்.

"செத்தவன் எந்தக் காலத்துல புகார் குடுத்தான்?" என்று மேலாளர் கேவன் சிரித்தான். அவளும்தான் சிரித்தாள்.

எட்டு மாதமாக எல்லாமே முதலில் நெவிலுக்குத்தான் போயின. நீங்கள் இல்லாமல் நன்றாகவே இல்லை. உங்களுக்காகக் காத்திருக்கிறோம். திரும்பி வாருங்கள்.

கணினியில் முடிவுகள் வந்தன. முதல் விளம்பரத்துக்கு நூற்றுக்கு மூன்று பேர். இரண்டாவதற்கு நான்கு.

அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது.

நூற்றுக்கு நூறு.

இரண்டுதானே எழுதினோம் என்று கோரலி கண்ணைக் கசக்கிக்கொண்டு அதைத் திறந்தாள். ஒரே வரிதான்.

"இங்க யாருமே இல்ல. துணைக்கு வாயேன்."

அது போனது சும்மா கூட்டத்துக்கு. போனது நெவிலின் எண்ணிலிருந்து. இதுவரை பதினோரு பேருக்குப் போயிருந்தது, பதினோரு பேரும் பணம் கட்டியிருந்தார்கள். உடனே கேவனைத் தொலைபேசியில் பிடித்தாள். அவன் நண்பர்களோடு இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தான். யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று அவள் பதறியதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை.

"நூத்துக்கு நூறா? யாரு எழுதினா என்ன, மகராசி. தொடாம விடு. செவ்வாக்கிழமை பெரிய பந்தயத்துக்கு எல்லாருக்கும் அதையே அனுப்பு."

அவள் பட்டியலைக் கீழே நகர்த்தினாள். பதினோராவது பெயர் டெஸ். பத்து நிமிடத்துக்கு முன்.

நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பன்னிரண்டாவது பெயர் வந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் மரத்தரை அழுந்தியது.

சேற்றிலிருந்து காலைப் பிடுங்கும் சத்தம்.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். ஓடிக்கொண்டே டெஸ்ஸைக் கூப்பிட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"எங்கடா இருக்க?"

"வீட்டுலதான்." குரலை மிகவும் தாழ்த்தியிருந்தான். "மெதுவாப் பேசு, கோரி. பக்கத்துல ஆள் இருக்காரு."

"யாரு?"

"உங்க ஆஃபீஸ் ஆளுன்னுதான் சொன்னாரு. அவரா வரலையாம். வா வான்னு நீங்கதான் விடாம கூப்பிட்டீங்களாமே."

மழை கொட்ட ஆரம்பித்தது. எதிரே வண்டி வருவதுகூடத் தெரியவில்லை. கடவுளே, அவனை மட்டும் விட்டுவிடு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே டெஸ் வீட்டுக்கு வண்டியை ஓட்டினாள். அப்படி அவள் வேண்டிக்கொண்டு பல வருஷம் ஆகியிருந்தது.

டெஸ் வாசற்படியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். உயிரோடு இருந்தான். அவனைக் கட்டிக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள். இருந்ததையெல்லாம் கட்டிவிட்டதாகவும், எல்லாம் போய்விட்டதாகவும் அவன் சொன்னான். அவன் முகத்தில் வருத்தம் இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

"போனாப் போகுது. நீ இருக்கியே, அது போதும். என்கூட வந்துடு, இங்க தனியா இருக்க வேண்டாம்."

அவன் எழுந்து வந்தான். வண்டியின் பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தான்.

"பின்னாடி ஏன்டா உக்கார்ற? முன்னாடி வா."

"முன்னாடி எப்படி வர்றது?" என்றான் டெஸ் மெதுவாக. "அவரு உக்காந்துட்டாரே."

பக்கத்து இருக்கையில் யாருமில்லை. கோரலி சாவியைத் திருகினாள். வண்டி கிளம்பியது. பெல்ட் போடாமல் ஆள் உட்கார்ந்திருந்தால் அடிக்கும் மணி, அந்தக் காலி இருக்கைக்காக அடிக்கத் தொடங்கியது.